அரை மணி நேரத்தில் காணாமல் போகும் டெர் டெர்மெஸ்: பாட்டில் பிரச்சினையா, மூக்கு பிரச்சினையா?

மாலைவெயில்:

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதமாக ஹெர்மெஸ் நிறுவனத்தின் டெர் டெர்மெஸ் சென்ட் போட்டுவருகிறேன். ஈடிடிதான் (ஓ டி டொய்லெட், கொஞ்சம் லேசான வகை), 100 மில்லி. ஒரு குழப்பம் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் இந்த வாசனை எனக்கு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேள்வி புரியும்.

இதற்கு முன் நான் போட்டதெல்லாம் 'ஃப்ரெஷ்' வகை. நீல நீலமான பாட்டில்கள். குளித்துவிட்டு வந்த மாதிரி, சோப்பு மாதிரி, கொஞ்சம் கடல் காற்று மாதிரி. நன்றாகத்தான் இருந்தன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் எது எந்தப் பாட்டில் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல வராது. இது அப்படி இல்லை. அடித்த உடனே, ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளும்போது சுள்ளென்று தெறிக்குமே ஒரு சாறு, அந்த வாசனை. பழத்தின் இனிப்பு இல்லை, தோலின் கசப்பு. பத்து நிமிடத்தில் அதற்கு அடியிலிருந்து மிளகு எழும்பி வரும், அதோடு ஒரு காய்ந்த கல்லின் வாசனை. சின்ன வயதில் இருட்டில் இரண்டு கல்லை உரசிப் பொறி வருகிறதா என்று பார்த்திருப்போம் இல்லையா, பொறி வந்ததோ இல்லையோ, கல்லை மூக்கருகே கொண்டுபோனால் லேசாகக் கருகினாற்போல் ஒன்று அடிக்கும். அதே வாசனை. முதல் முறை மணிக்கட்டில் அதை உணர்ந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன், உண்மையாகவே. நாற்பது வயதுக்குப் பக்கத்தில் வந்தபிறகு ஒரு சென்ட் பாட்டில் என்னை அத்தனை தூரம் பின்னால் கொண்டுபோகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிரச்சினை இதுதான். முதல் இரண்டு வாரம் காலையில் மூன்று அடி அடித்தால் சாயங்காலம் வரை எனக்கே தெரிந்தது. மண், வேர், மரம் என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இப்போது அரை மணி நேரம்தான். ஆரஞ்சு போகும், மிளகு போகும், அப்புறம் ஒன்றுமில்லை. மணிக்கட்டை மூக்கில் ஒட்டிவைத்து இழுத்தாலும் வெறும் தோல்தான். அதனால் மூன்று அடி ஐந்தானது, ஐந்து எட்டானது. பையில் சின்ன ஸ்ப்ரே ஒன்றும் வைத்திருக்கிறேன், மதியம் இன்னொரு இரண்டு அடி.

போன வாரம் ஒரு மீட்டிங். சின்ன அறை, ஆறு பேர். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவர் நாற்காலியை என் பக்கமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அது மனதில் அப்படியே இருக்கிறது.

என் பாட்டில் கெட்டுவிட்டதா? போலியா? இல்லை என் தோல் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் வகையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இந்த வாசனையை விட எனக்கு மனமில்லை.


செல்வா:

தோல்தான் முதலில் பார்க்க வேண்டியது என்று நினைக்கிறேன். எனக்கும் வறண்ட தோல், எதைப் போட்டாலும் சீக்கிரம் ஓடிவிடும். குளித்துத் துவட்டியதும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தேய்த்து, அது ஊறிய பிறகு அதன்மேல் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் வாசனை மெதுவாகத்தான் கிளம்பும், எனக்கு இதில் நல்ல வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் மணிக்கட்டு இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தேய்த்தால் வாசனை 'உடைந்துவிடும்' என்று சிலர் சொல்வார்கள், உடைய எதுவும் இல்லை. ஆனால் சூடு ஏறி, மேலாக இருக்கும் ஆரஞ்சு வாசனை இன்னும் வேகமாகப் பறந்துவிடும். அது எப்படியும் ஓடிப்போகிற வாசனை, நாமும் சேர்ந்து துரத்த வேண்டாம்.

பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? குளியலறை அலமாரியில் என்றால் எடுத்துவிடுங்கள். சூடும் வெளிச்சமும் முதலில் கெடுப்பது இந்த ஆரஞ்சு வகை எண்ணெய்களைத்தான். ஆனால் கெட்ட பாட்டில் என்றால் தொடக்கமே புளித்தாற்போல் இருக்கும், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தொடக்கம் சரியாக இருக்கிறது. போலியாக இருந்தாலும் முதல் இரண்டு வாரம் சாயங்காலம் வரை நின்று, பிறகு திடீரென்று அரை மணி நேரமாக ஆக வழியில்லை. உள்ளே இருப்பது அதே திரவம்தானே.

இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் இதே வாசனையின் இன்னும் அடர்த்தியான பர்ஃப்யூம் வகை 2009-இலிருந்து இருக்கிறது. கல் வாசனை அதில் இன்னும் தூக்கல், மரமும் கனம். ஈடிடியில் பிடித்தது உங்களுக்கு அதிலும் பிடிக்கும்.


நறுமுகை:

மாலைவெயில், நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. அந்த ஜன்னல்.

செல்வா சொன்ன தோல் விஷயம், பாட்டில் விஷயம் எல்லாம் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓடும் ஏசியை விட்டுவிட்டு ஒருவர் ஜன்னலைத் திறக்கிறார் என்றால் அந்த அறையில் வாசனை இல்லாமல் இல்லை, இருந்தது, நிறையவே இருந்தது. அறையில் அது தெரியாத ஒரே ஆள் நீங்கள்தான். நான் வாசனைப் பொருட்களை முகர்ந்து குறிப்பெழுதும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன், அங்கே முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கும் பாடம் இதுதான், உன் மூக்கை உன் விஷயத்தில் நம்பாதே.

டெர் டெர்மெஸ் 2006-இல் வந்தது. செய்தவர் ஜான் க்ளோட் எலெனா, ஹெர்மெஸ் நிறுவனத்திலேயே 2004 முதல் வாசனை வல்லுநராக இருந்தவர். குறைந்த பொருட்களை வைத்துத் தெளிவாகச் செய்வார், அவருடைய வாசனைகளில் கூட்டம் இருக்காது, காற்று புகுந்து போக இடம் இருக்கும். இந்த வாசனையில் அந்தக் காற்றோட்டத்துக்குப் பெரிய காரணம் ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரு பொருள். 1973-இல் வாசனைப் பொருள் தயாரிக்கும் ஐஎஃப்எஃப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, செயற்கைப் பொருள்தான். டெர் டெர்மெஸ் கலவையில் பாதிக்கும் மேல் அதுவே என்று வாசனைத் துறையில் பரவலாகச் சொல்வார்கள்.

அதன் வாசனையை விவரிப்பது கடினம். இழைத்த தேவதாரு மரம், அதில் மெல்லிய வெல்வெட் போர்த்தியது போல. தனியாக ஒரு காகிதப் பட்டையில் நனைத்துக் கொடுத்தால் பாதிப் பேர் 'இதில் ஒன்றுமே இல்லையே' என்று திருப்பிக் கொடுப்பார்கள். பட்டையை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு மரவாசனை வந்து போகும், அது என்ன என்று தேடினால் அந்தப் பட்டைதான். நேராக முகர்ந்தால் மறையும், விட்டுவிட்டால் வரும். அதற்கு ஒரு காரணம், அது ஒரே மூலக்கூறு இல்லை, பல மாற்றியங்களின் (அதே அணுக்கள், வேறு வேறு அமைப்பு) கலவை. கலவையில் பெரும்பகுதிக்கு வாசனை மிகக் குறைவு, மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு மாற்றியத்துக்குத்தான் வாசனை பலம். இன்னொரு காரணம் நம் மூக்கு. மனிதனுக்கு வாசனை வாங்கிகள், அதாவது மூக்குக்குள் வாசனையைப் பிடிப்பவை, ஏறக்குறைய 400 வகை, ஆளுக்கு ஆள் அவற்றில் சில நன்றாக வேலை செய்யும், சில செய்யாது. அதனால் இந்தப் பொருள் ஒருவருக்குப் பளிச்சென்று தெரியும், பக்கத்திலிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இதே 2006-இல் 'மாலிக்யூல் 01' என்று வெறும் ஐசோ ஈ சூப்பரை மட்டும் ஆல்கஹாலில் கலந்து ஒரு பாட்டிலாகவே விற்க ஆரம்பித்தார்கள், அதைப் போடுகிறவர்களில் பலர் சொல்வதும் நீங்கள் சொல்வதுதான், எனக்குத் தெரியவில்லை, மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று.

இனி நீங்கள் மூன்று அடியிலிருந்து எட்டுக்குப் போன கதை. ஒரு வாசனை தொடர்ந்து மூக்கில் படும்போது வாங்கிச் செல்கள் தாமாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். செல்லுக்குள் கால்சியம் ஏறி, அதே சமிக்ஞையைத் தணித்துவிடும். மூளையும் தன் பங்குக்கு, 'இது பழையது, ஆபத்தில்லை' என்று கழித்துவிடும். ஒரு தடவை முகர்ந்து வரும் மந்தம் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆனால் நாள் முழுக்க, வாரக்கணக்கில் ஒரே வாசனைக்குள் இருந்தால் அது அத்தனை சுலபத்தில் தெளியாது, சில நாள், சில வாரம்கூட ஆகும். நீங்கள் மூன்று மாதமாகக் கழுத்தில், மணிக்கட்டில், சட்டையில், அநேகமாகத் தலையணையிலும் அதே வாசனையோடு வாழ்கிறீர்கள். ஆரஞ்சும் மிளகும் காலையில் மட்டும் வந்து போகிறவை, அதனால் அவை இன்னும் உங்களுக்குப் புதிதாகத் தெரிகின்றன. அடியில் இருக்கும் மரமும் வேரும் இருபத்து நான்கு மணி நேரமும் கூடவே இருப்பதால் உங்கள் மூக்கு அவற்றைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. நீங்கள் அடி எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட அது இன்னும் ஆழமாக மரத்துப்போகும். மதியம் போடும் அந்த இரண்டு அடியை இன்றே நிறுத்துங்கள், தயவுசெய்து.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். துவைத்த வெள்ளைத் துணியில் இரண்டு துண்டு வெட்டுங்கள், ஒரே அளவு. ஒன்றில் ஒரே ஒரு அடி, மற்றதில் எதுவும் வேண்டாம். இரண்டையும் தனித்தனி அறையில் ஆறு மணி நேரம் விட்டுவிட்டு, இதைப்பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து எது எது என்று கேளுங்கள். எதிர்பார்ப்பு கலக்காமல் இருக்க நீங்கள் முகம் காட்டாமல் கொடுப்பது நல்லது. அப்புறம் பத்து நாள் எதையும் போடாதீர்கள். தலையணை உறை, காலர் வைத்த சட்டை, கோட் எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள். இடையில் கடைகளில் வைத்திருக்கும் காபிக்கொட்டையை முகர்ந்து மூக்கைத் தெளிய வைக்கப் பார்க்காதீர்கள், சாதாரணக் காற்றைவிட அதற்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை. பதினோராம் நாள் இரண்டே அடி.


ஜெயந்தி:

நான் சென்ட் போடுவதில்லை, ஆனால் டெர் டெர்மெஸை ஆறு வருடமாகத் தினமும் முகர்கிறேன். என் கணவர் போடுகிறார். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

முதலில், நல்ல வாசனையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கூட இருக்கிற ஆளுக்குச் சலிக்காத வாசனை இது. இனிப்பு வாசனைகள் முதல் நாள் நன்றாக இருக்கும், நான்காவது நாள் தலைவலிக்கும். இது காய்ந்த வாசனை, உள்ளே கசப்பு இருக்கிறது, அந்தக் கசப்புதான் இதைக் காப்பாற்றுகிறது.

அவருக்கும் உங்களைப்போலத்தான் ஆயிற்று. 'நிற்கவே மாட்டேன் என்கிறது' என்று கூட்டிக்கொண்டே போனார். எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவர் அலுவலகம் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் கழித்து நான் மாடிப்படி இறங்கினால் படி முழுக்க அந்த வாசனை நிற்கும். ஆள் இல்லை, வாசனை மட்டும். லிஃப்டிலும் அப்படித்தான் என்று மேல்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், சிரித்தாலும் சொல்லவேண்டும் என்று சொன்னதுதான் அது. அவரிடம் நான் இதைச் சொன்னபோது நம்பவில்லை, கையை முகர்ந்து காட்டி 'பார், ஒன்றுமில்லை' என்றார். அவர் கையை நீட்டிய இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்று எனக்கு அது மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் இரண்டு அடி போடுவார், சட்டைக்குள் நெஞ்சில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று. கழுத்தின் முன்பக்கம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், மூக்குக்கு நேர் கீழே இருந்தால் நாள் முழுக்க அவருக்கேதான் முதலில் அடிக்கும், மூக்கு மரத்துப்போவதும் அதனால்தானே. சாயங்காலம் வந்ததும் நான் சொல்லிவிடுவேன், இருக்கிறதா இல்லையா என்று. பெரும்பாலும் இருக்கும். பக்கத்தில் வந்தால் மட்டும் தெரிகிற அளவில் இருக்கும், அந்த அளவில்தான் அது அழகு.

இன்னொன்றும் சொல்ல ஆசை. சட்டைகளைத் துவைக்கப் போடும்போது காலரின் உட்பக்கத்தை ஒருமுறை முகர்ந்துவிடுவேன். காலையில் போட்டது மறுநாள் வரைக்கும் அதில் இருக்கும். ஆரஞ்சு துளிகூட இருக்காது, மிளகும் இருக்காது, ஈரம் காய்ந்த வேர், மரப்பெட்டியைத் திறந்த மாதிரி, அதோடு அவருடைய வியர்வை கொஞ்சம். கடையில் காகிதப் பட்டையில் கொடுக்கும்போது இந்த வாசனை கிடைக்காது. மாலைவெயில், இது உங்களுக்குத் தெரியவில்லை என்றாலும் உங்களுக்கு நெருங்கியவர் யாராவது ஒருவருக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும், அவரிடமே கேளுங்கள். அந்த ஜன்னல் திறந்தவரிடமும் பேசிவிடுங்கள். அவர் உங்களை விரும்பாததால் நாற்காலியைத் தள்ளவில்லை, மூச்சு முட்டித் தள்ளியிருப்பார்.


கதிரவன்:

2009-இலிருந்து போடுகிறேன், இது எத்தனையாவது பாட்டில் என்று கணக்கில்லை. நறுமுகை எழுதியதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஒரு இடம் மட்டும் என் அனுபவம் வேறு. எனக்கு ஐசோ ஈ சூப்பர் எப்போதும் தெரியும், மிளகு போட்ட மரத்தூள் மாதிரி, சில நாள் மூக்கில் கொஞ்சம் குத்தவும் செய்யும். என் தம்பிக்கு அது சுத்தமாகத் தெரியாது, அவனுக்கு இந்த வாசனை என்றால் ஆரஞ்சும் வேரும் மட்டும்தான். ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்கே இப்படி என்றால், இணையத்தில் ஒருவர் 'பன்னிரண்டு மணி நேரம் நிற்கும்' என்பதும் இன்னொருவர் 'இரண்டு மணி நேரம்தான்' என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். விமர்சனம் படித்து வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாசனையில் எனக்கு மிகவும் நெருக்கமானது அந்த வேர். வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர்கள் 'வெத்திவேர்' என்கிறார்கள், ஆங்கிலத்திலும் அதேதான், இரண்டுமே நம் சொல்லிலிருந்து போனவை. உலகத்தில் எந்த ஊரில் எந்தக் கடையில் ஆண்கள் வாசனைப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாலும் அடிக்கடி அந்தச் சொல் இருக்கும், படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சந்தோஷம். புல்தான் அது, ஆனால் வேர் மூன்று மீட்டருக்கும் கீழே இறங்கும். அந்த வேரைத் தோண்டி, கழுவி, உலர்த்தி, மணிக்கணக்கில் ஆவியில் வடித்தால் கெட்டியான எண்ணெய் வரும். மூலக்கூறுகள் கனமானவை, அவசரப்பட்டுக் காற்றில் போகாது. மாறாக ஆரஞ்சுத்தோல் எண்ணெயில் ஏறக்குறைய 95 சதவீதம் லிமோனின், அது லேசான சரக்கு, வந்த வேகத்தில் போய்விடும். நீங்கள் அரை மணி நேரம் என்று சொன்னது இந்த ஆரஞ்சின் ஆயுள். பாட்டிலின் ஆயுள் இல்லை.

அந்தக் கல் வாசனையைப் பற்றி நீங்கள் எழுதியது படித்து மகிழ்ந்தேன். ஹெர்மெஸ்காரர்களே அதைச் சிக்கிமுக்கிக் கல் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். கல்லிலிருந்து எண்ணெய் எடுக்க முடியாது. மிளகின் காரம், கசப்பான பழத்தோல், காய்ந்த மரம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவில் சேரும்போது நம் மூளை அதைக் கல் என்று படித்துக்கொள்கிறது. 'டெர்' என்றால் மண், பூமி. பெயரில் மண், தொடக்கத்தில் பழம், நடுவில் கல், அடியில் வேர். மரத்தின் உச்சியிலிருந்து கீழே இறங்கி வருகிற மாதிரி நான் எடுத்துக்கொள்வேன்.

செல்வா சொன்ன பர்ஃப்யூம் வகையை இப்போது வாங்காதீர்கள் என்பது என் கருத்து. அது மோசம் என்பதால் இல்லை, மிக நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் மூக்கு இருக்கும் நிலையில் அதையும் எட்டு அடி போடுவீர்கள். 2018-இல் எலெனாவுக்குப் பிறகு ஹெர்மெஸின் வாசனை வல்லுநரான கிறிஸ்டீன் நாகெல் செய்த 'ஓ இன்டென்ஸ் வெத்திவேர்' ஒன்றும் இருக்கிறது. வேரை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார், தொடக்கம் கொஞ்சம் கூர்மை, கல் பின்னால் போய்விட்டது. எனக்குப் பிடிக்கும், ஆனால் கல்லுக்காக இதைப் போடுகிறவருக்கு 2006 ஈடிடிதான்.

ஒரு விஷயம் நான் கற்றுக்கொள்ள நாளானது. வெயில் நாளில் இதைக் குறைத்துப் போட வேண்டும். தோல் சூடாக இருந்தால் எல்லாமே வேகமாகக் கிளம்பும், வெளியில் இரண்டு அடி என்பது மூடிய காருக்குள் நான்கு மாதிரி. குளிரில் மூன்று போட்டாலும் அமைதியாக இருக்கும். அப்புறம் தினமும் ஒரே பாட்டில் வேண்டாம். நான் வாரத்தில் நான்கு நாள் இது, மற்ற நாள் வேறு ஏதாவது, ஒரு நாள் எதுவுமே இல்லை. திங்கள்கிழமை காலையில் மூடியைத் திருப்பும்போது அந்த ஆரஞ்சு இன்றைக்கும் எனக்குப் புதிதாக இருக்கிறது என்றால் இதனால்தான்.


செல்வா:

நறுமுகை சொன்னது சரி, நான் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. ஜன்னல் வரியைத் தாண்டிப் போய்விட்டேன். கதிரவன் அண்ணா, பர்ஃப்யூம் விஷயத்தில் நீங்கள் சொல்வதும் நியாயம். ஆனால் மாய்ஸ்சரைசரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், வறண்ட தோல் இருக்கிறவர்கள் அதை முயன்று பார்க்கத்தான் வேண்டும்.


மாலைவெயில்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, சொன்னதைச் செய்துவிட்டு வந்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

துணிச் சோதனை முதலில். பழைய வெள்ளை வேட்டியிலிருந்து இரண்டு துண்டு கிழித்து, காலை எட்டு மணிக்கு ஒன்றில் ஒரே அடி. மதியம் இரண்டரைக்கு நான் எடுத்து முகர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டும் எனக்கு ஒன்றுதான், துவைத்த துணி வாசனை. அக்காவிடம் கொடுத்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. முதல் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு 'இதற்கு என்ன' என்றாள். இரண்டாவது துண்டு என் கையிலிருந்து அவள் கைக்குப் போவதற்குள்ளேயே, மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை, 'இது நீ' என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளிடம் உட்கார்ந்து விவரமாகக் கேட்டேன். ஒரு மாதத்துக்கும் மேலாகச் சொல்ல நினைத்துக்கொண்டிருந்தாளாம், நான் அந்தப் பாட்டிலை எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறேன் என்று பார்த்துச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். நான் வந்துபோன அறையில் விளக்கைப் போடும் முன்பே நான் வந்தது தெரியுமாம்.

அப்புறம் பத்து நாள் எதுவும் போடவில்லை. தலையணை உறை, போர்வை, அலுவலகச் சட்டைகள் எல்லாவற்றையும் துவைத்தேன். கோட்டை மட்டும் துவைக்க முடியவில்லை, வெளியே காற்றில் தொங்கவிட்டேன். ஆறாம் நாள் ஒன்று நடந்தது. மழை வரும்போல இருக்கிறதே என்று கோட்டை எடுக்கப் போனேன், கையில் வாங்கும்போது ஒரு மரவாசனை, கூடவே காய்ந்த வேர். இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான். ஜெயந்தி அவர்கள் காலரின் உட்பக்கம் என்று எழுதியது நினைவுக்கு வந்து காலரைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேதான் இருந்தது. அங்கேயே நின்று இரண்டு மூன்று முறை முகர்ந்தேன்.

நேற்று பதினோராம் நாள். இரண்டு அடி, நெஞ்சில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று. மணிக்கட்டில் போடவில்லை, போட்டால் நாள் முழுக்க முகர்ந்துகொண்டே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். மதியம் வரை நானாகத் தேடவில்லை. மூன்று மணி வாக்கில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன், சட்டைக்குள்ளிருந்து சூடாக ஒரு அலை மேலே வந்தது, கல்லும் வேரும், ஆரஞ்சு போய் வெகுநேரமாகியிருந்தது. நிமிர்ந்ததும் இல்லை. நறுமுகை சொன்னதுபோல, தேடினால் மறைகிறது, விட்டுவிட்டால் வருகிறது.

ஜன்னல் திறந்தவரிடம் பேசினேன். 'அன்றைக்கு என் சென்ட் அதிகமாக இருந்ததா' என்று நேராகவே கேட்டேன். கொஞ்சம் தயங்கினார், 'வாசனை நல்லதுதான், எனக்குக் கொஞ்சம் சைனஸ் தொந்தரவு, சின்ன அறையில் தாங்கவில்லை' என்றார். மன்னிப்புக் கேட்டேன், பெரிய விஷயமில்லை என்றார். நேற்று அதே அறையில் மறுபடி மீட்டிங், என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். பாதியில் குனிந்து மெதுவாக, 'இன்றைக்குப் போடவில்லையா' என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். கொஞ்சம் சாய்ந்து பார்த்துவிட்டு, 'ஆமாம், இப்போது தெரிகிறது. இது என்ன, மண் மாதிரி?' என்றார். பெயரை எழுதிக் கொடுத்தேன்.

பையிலிருந்த சின்ன ஸ்ப்ரேயைக் காலி செய்து கழுவி வைத்துவிட்டேன். கதிரவன் அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. மற்ற மூன்று நாளுக்கு நீங்கள் என்ன போடுகிறீர்கள்? நீலப் பாட்டில் பக்கம் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை.


கதிரவன்:

இரண்டு நாள் டியோர் நிறுவனத்தின் பழைய 'ஓ சவாஜ்', 1966-இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா செய்தது, 'ஓ' இல்லாமல் வரும் இன்றைய சவாஜ் இல்லை. எலுமிச்சை, மூலிகை, அதற்குள் மல்லிகையின் நிழல் மாதிரி ஒன்று, அது ஹெடியோன் என்ற பொருளின் வேலை. பக்கத்தில் வந்தால் மட்டும் தெரியும், உங்களுக்கு இப்போது அந்த அளவு பழகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எதுவும் இல்லை, அன்றைக்குச் சோப்பு மட்டும்தான். காலையில் ஒரு கடையில் காகிதத்தில் வேண்டாம், தோலிலேயே ஓ சவாஜ் ஒரு அடி போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை நடமாடிப் பாருங்கள். சாயங்காலம் அக்காவிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.